கடைமடையில் உணவு வங்கிக்கு இடம் பார்த்த கதை

போன வருடம் கார்த்திகை கடைசியில் ஒரு நாள், திருத்துறைப்பூண்டியில் எங்கள் அரிசி அறையில் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன உணவு வங்கி அது. அரிசி ஆலைக்காரர்கள், மளிகைக் கடைக்காரர்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் தருவதெல்லாம் அங்கே வந்து சேரும். அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள் என்று பை கட்டி வாரம் இரண்டு நாள் கொடுப்போம். அந்த மாதம் மழை விடவே இல்லை. யாருக்கும் வயல் வேலை கிடையாது. வழக்கத்தைவிட நிறையப் பேர் வருவார்கள் என்று இரண்டு மடங்கு பை கட்டி வைத்தோம். வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். முள்ளியாற்றுக்கு அக்கரையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

மழை விட்டதும் அக்கரைக்குப் போனேன். வாசலில் ஈர விறகைக் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா சொன்னார்: "வர்றதுக்கு வழி ஏது தம்பி? தென்னை மரத்தைப் போட்டு வச்சிருந்தோம். அதையும் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. சுத்தி வந்தா அரை நாள் போயிடும். பஸ்ஸும் ஓடல." எங்கள் அறையின் மொட்டை மாடியில் நின்றால் அவர் வீட்டுத் தோப்பு தெரியும். அவ்வளவு பக்கம்.

ரேஷனில் அரிசி இலவசமாகத்தான் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் அது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கைரேகை பதியாத முதியவர்கள் இருக்கிறார்கள். அட்டை மகன் பெயரில் இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பார். கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் இன்னும் அம்மா வீட்டு அட்டையில் கிடக்கும். மாதத்தின் கடைசிப் பத்து நாளில் அரிசி இருந்தாலும் அதோடு சேர்த்துச் சாப்பிட ஒன்றும் இருக்காது. எங்களிடம் வருகிறவர்கள் இவர்கள்தான்.

உணவு வங்கி என்ற ஏற்பாட்டை அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 1967-ல் ஜான் வான் ஹெங்கல் தொடங்கினார். கடைகள் கழித்துப் போடவிருந்த நல்ல பொருளை ஓரிடத்தில் சேர்த்து, வேண்டியவர்களுக்குப் போகச் செய்தார். அதற்குச் சரியாக 100 வருடம் முன்னால், 1867-ல், வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. வடலூருக்குப் பசித்தவர் நடந்து வந்துவிடலாம். எங்கள் கடைமடையில் மழைக்காலத்தில் பசித்தவரால் நகர முடியாது. அதனால் தருமச்சாலைதான் அவர் இருக்கும் பக்கம் போக வேண்டும். இன்னும் மூன்று இடம் பார்ப்பது, அதற்கு மேல் எங்கள் கையிருப்பு தாங்காது என்று முடிவு செய்தோம். எனக்குக் கணினி பழக்கம் என்பதால் வரைபட வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தையில் தொடங்கியது ஆடியில் முடிந்தது. வேறு ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, தப்பாகப் போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கூரைகளை எண்ணியது

மென்பொருளுக்குக் காசு எதுவும் செலவாகவில்லை. வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் இலவசம். சாலைகளுக்கு, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப். செயற்கைக்கோள் படங்களுக்கு ஐரோப்பாவின் சென்டினல் வரிசை, அதையும் யாரும் இறக்கிக்கொள்ளலாம். பழைய மடிக்கணினியே போதுமானதாக இருந்தது. நிறையப் படங்களை வரிசையாக ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் கூகுளின் கணினிகளிலேயே படங்களை அலசும் எர்த் எஞ்சினில் கணக்குத் தொடங்கி வேலை பார்த்தேன்.

திருத்துறைப்பூண்டி, கோட்டூர், முத்துப்பேட்டை, தலைஞாயிறு ஒன்றியங்களைச் சேர்த்து ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: வரைபடத்தை மீட்டரில் அளக்கும் முறைக்கு மாற்றிவிடுங்கள். டெல்டா முழுக்க 44 வடக்கு என்ற யுடிஎம் மண்டலத்தில் (உலகைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) அடங்கும், மென்பொருளில் அதன் எண் 32644. நான் மாற்றாமல், சுற்றளவு வட்டம் போடும் இடத்தில் 2 என்று கொடுத்தேன். மென்பொருள் அதை 2 பாகை என்று எடுத்துக்கொண்டு மதுரையையும் யாழ்ப்பாணத்தையும் சேர்த்து வட்டம் போட்டது. பெரிய எண் கொடுத்தால் தவறு உடனே கண்ணில் படும். 0.02 மாதிரி சின்ன எண் கொடுத்தால் படம் பார்க்கச் சரியாகவே இருக்கும், தூரம் மட்டும் தப்பாக இருக்கும். அதுதான் ஆபத்து.

அடுத்தது வீடுகள் எங்கே இருக்கின்றன என்பது. மக்கள்தொகைக் கணக்கு 2011-க்கு உரியது, அதுவும் கிராம அளவில்தான் கிடைக்கிறது. ஒரு வருவாய்க் கிராமம் என்றால் எங்கள் பக்கம் ஆற்றுக்கு இரு கரையிலும் சிதறிக் கிடக்கும் நாலைந்து குடியிருப்புகள். அதனால் கூரைகளை எண்ணுவது என்று முடிவு செய்தேன். கூகுளின் ஓபன் பில்டிங்ஸ் தரவில், செயற்கைக்கோள் படத்திலிருந்து கணினியே வரைந்த கட்டட எல்லைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இது கட்டடம்தான் என்பதில் எவ்வளவு உறுதி' என்று ஒரு மதிப்பெண்ணும் இருக்கிறது.

நான் மதிப்பெண் அதிகம் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தேன். சுத்தமான தரவு வேண்டும் என்ற எண்ணத்தில் செய்தது. எங்கள் சொந்தத் தெருவை வைத்துச் சரிபார்த்தபோதுதான் நடந்தது புரிந்தது. மாடி வீடு, ஓட்டு வீடு எல்லாம் இருந்தன. கூரை வீடுகள் பாதி காணவில்லை. கீற்றுக் கூரையும் அதைச் சுற்றி நிற்கும் தென்னை மட்டையும் மேலிருந்து பார்த்தால் ஒரே நிறம், ஒரே சொரசொரப்பு. கணினி சந்தேகப்பட்டு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறது. அந்தக் குறைந்த மதிப்பெண்ணுக்குள்தான் நாங்கள் தேடும் வீடுகள் இருந்தன. யாருக்காக இடம் தேடினோமோ அவர்களையே முதல் வேலையாக வடிகட்டி வெளியே போட்டிருக்கிறேன்.

கழித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்தேன். உடனே மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர், இறால் குட்டையின் மோட்டார் கொட்டகை எல்லாம் வீடாக வந்துவிட்டன. இதற்குக் குறுக்கு வழி கிடைக்கவில்லை. மூன்று வாரம், ராத்திரி ஒரு மணி நேரம் என்று நானும் இன்னொரு தோழரும் படத்தைப் பெரிதாக்கிக் குடியிருப்பு குடியிருப்பாகப் பார்த்துத் திருத்தினோம். சந்தேகம் வந்தால் அந்த ஊர்க்காரரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டோம்.

இரவு வெளிச்சப் படங்களை வைத்து ஏழைப் பகுதிகளைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்திருந்தேன். அதையும் முயன்றேன். அதில் ஒரு புள்ளியே ஏறக்குறைய அரை கிலோமீட்டர். ஒரு புள்ளிக்குள் பண்ணையார் வீடும் காலனித் தெருவும் இறால் பண்ணை விளக்கும் ஒன்றாகக் கிடந்தன. இரண்டு நாளில் விட்டுவிட்டேன்.

மேடு என்று காட்டிய தோப்பு

அரிசி வைக்கும் இடத்தில் தண்ணீர் ஏறக் கூடாது. அதற்காக உயர வரைபடத்தை எடுத்தேன். அமெரிக்க விண்வெளி ஓடம் 2000 பிப்ரவரியில் 11 நாள் பறந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் அளவு அது. இலவசமாகக் கிடைப்பதில் எல்லோரும் முதலில் எடுப்பது அதைத்தான். முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு நல்ல மேட்டை அது காட்டியது. சுற்றிலும் உள்ளதைவிட ஐந்தாறு மீட்டர் உயரம். எங்கள் சமவெளியில் ஐந்தாறு மீட்டர் என்பது மலை மாதிரி. சந்தோஷத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

மேடு எதுவும் இல்லை. சுற்றி இருக்கும் வயலின் மட்டத்திலேயே ஒரு திடல், அதில் வரிசையாகத் தென்னங்கன்றுகள். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டேன். "இங்க பெரிய தோப்பு இருந்துச்சு தம்பி. கஜாவுல ஒண்ணு பாக்கி இல்லாம சாஞ்சு போச்சு" என்றார். கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. 2000-ல் பறந்த ரேடார் பார்த்தது அந்தத் தோப்பின் தலையை. மரங்கள் விழுந்து வருடங்கள் ஆனபிறகும் அந்த வரைபடத்தில் அவை நின்றுகொண்டிருக்கின்றன. அவர் கன்றுகளைக் காட்டி, இது காய்க்க இன்னும் எத்தனை வருடம் என்று கணக்குச் சொன்னார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

டெல்டா மாதிரி தட்டையான நிலத்தில் இந்த உயரத் தரவை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அதன் பிழையே சில மீட்டர். எங்களுக்கு வேண்டிய வித்தியாசம் இரண்டு அடி, மூன்று அடி. அப்புறம் நான் செய்தது: கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் ஒன்றை வாங்கிக்கொண்டேன். இடம் பார்க்கப் போகும்போதெல்லாம் சாலையின் நடு மட்டத்துக்கும் அறையின் தரைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பிடித்துப் பார்த்தோம். சுவரில் பழைய வெள்ளக் கறை இருக்கிறதா என்று தேடினோம். கறை இல்லாவிட்டால் வயதானவர்களைக் கேட்டோம். 1977 நவம்பர் புயலை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் எந்தப் படியில் நின்றது என்று காலால் தொட்டுக் காட்டுவார்கள்.

ரேடார் பார்த்த தண்ணீர்

வெள்ளம் எங்கே நிற்கும் என்று தெரிந்தால் எந்த வழி அடைபடும் என்று தெரிந்துவிடும் அல்லவா? சென்டினல்-2 சாதாரண ஒளிப்படம் போல எடுப்பது, ஒரு புள்ளி 10 மீட்டர், தெளிவு நன்றாக இருக்கும். ஆனால் எங்களுக்கு வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில் படம் முழுக்க மேகம்தான். அதனால் சென்டினல்-1. அது 2014-ல் ஏவப்பட்ட ரேடார். மேகத்தைத் துளைத்துக்கொண்டு பார்க்கும், இருட்டிலும் பார்க்கும். அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை அந்தப் பக்கம் திருப்பி விட்டுவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும்.

புரெவி புயல் மழை பெய்த 2020 டிசம்பர், கனமழை கொட்டிய 2021 நவம்பர் இரண்டுக்கும் படம் எடுத்து, கறுப்பையும் வெளுப்பையும் பிரிக்கும் எல்லையை ஓட்சு முறையில் கண்டுபிடித்து, வெள்ளம் என்று நீல நிறம் பூசினேன். கட்டம் முழுக்க நீலமாகிவிட்டது. அது உண்மையாகவும் இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். சந்தேகத்துக்கு, வெள்ளமே வராத வருடத்தின் அதே பருவத்துப் படத்தை எடுத்தேன். அதுவும் கிட்டத்தட்ட அதே நீலம். நட்ட வயலில் நிற்கும் தண்ணீரும் மூழ்கிய வயலில் நிற்கும் தண்ணீரும் ரேடாருக்கு ஒன்றுதான். போதாததற்கு இறால் குட்டைகள் எப்போதும் கறுப்பு.

வெளியூர்ப் பாடங்களில் 'வெள்ளத்துக்கு முன்னால் எடுத்த படத்தோடு ஒப்பிடு' என்று இருக்கும். நெல் பூமியில் அது சரிவராது. அதே மாதத்தை நாலைந்து வருடத்துக்கு எடுத்து, அவற்றின் நடுமதிப்போடு ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தபின் படம் கொஞ்சம் தெளிந்தது. அரிச்சந்திரா நதிக்கும் அடப்பாற்றுக்கும் நடுவில் தண்ணீர் நாள் கணக்கில் வடியாமல் நிற்பது தெரிந்தது. ஆனால் கிராமச் சாலை மூழ்கியதா என்று 10 மீட்டர் புள்ளியில் தெரியாது. சாலையே 3 மீட்டர்தான்.

ஒளிப்படத்தில் தண்ணீரைப் பிரிக்கும் சூத்திரம் வேறொரு விதத்தில் ஏமாற்றியது. பச்சை ஒளியையும் அகச்சிவப்பையும் வைத்துக் கணக்கிடும் முறை அது. முள்ளியாறு படத்தில் துண்டு துண்டாக அறுந்து தெரிந்தது. அறுந்த இடங்களில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. ஆறு வயல் மாதிரி பச்சையாக இருந்தால் சூத்திரம் அதை வயல் என்றுதான் சொல்லும். ஆற்றின் கோட்டைக் கையால் வரைந்துவிட்டேன். எங்கள் ஊரில் அதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

கடைசியில் சாலைகளைப் பற்றிச் சரியாகச் சொன்னவர் பால் வண்டி ஓட்டும் ஒரு அண்ணன். விடியற்காலை நாலரை மணிக்கு, மழையோ புயலோ, ஊர் ஊராகப் போய்க் கேன் எடுப்பவர். மடிக்கணினியைத் திருப்பி அவரிடம் காட்டினேன். ஒரு சாலையில் விரலை வைத்தார். "தம்பி, உன் மேப்புல இது ரோடு. கார்த்திகையில இது வாய்க்கால்" என்றார். அப்படி அவர் விரல் வைத்த இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டேன். எந்த இடத்தில் கால் அளவு, எந்த இடத்தில் இடுப்பளவு, எத்தனை நாள் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ரேடார் நீலத்தை அவர் சொன்னதோடு வைத்துப் பார்த்தபோது, தண்ணீர் நிற்கும் பரப்பு இரண்டிலும் ஒத்துப்போனது. எந்தச் சாலை அறுபடும் என்பது அவர் சொன்னதில் மட்டுமே இருந்தது.

பாலங்கள்

எங்கள் அறையிலிருந்து அந்த அக்கா வீட்டுக்கு நேர்க்கோட்டில் அளந்தால் 700 மீட்டர்கூட வராது. பாலத்தைச் சுற்றிப் போனால் 5 கிலோமீட்டருக்கு மேல். டெல்டாவில் வட்டம் போட்டு 'இத்தனை பேர் பக்கத்தில் இருக்கிறார்கள்' என்று சொல்வது பொய்க் கணக்கு. பாமணியாறு, கோரையாறு, முள்ளியாறு, அடப்பாறு, அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால், வடிகால் எல்லாம் நிலத்தை நீளநீளமான துண்டுகளாக அறுத்து வைத்திருக்கின்றன. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பாலம் இருந்தால்தான் வழி.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பெரிய பாலங்கள் இருந்தன. மக்கள் உண்மையில் கடப்பது பெரும்பாலும் வேறு இடங்களில். கதவணையின் மேல்தளம், மதகின் கைப்பிடிச் சுவர் இல்லாத மேடை, மூங்கில் பாலம், இரண்டு தென்னை மரத்தைச் சேர்த்துப் போட்டது, பயன்பாடு நின்றுபோன சிமெண்ட் குழாய். மாசியும் பங்குனியும் இதற்கே சரியாகப் போயின. கைப்பேசியில் கியூஃபீல்டு செயலியைப் போட்டுக்கொண்டு கரையோடு நடந்தோம். ஒவ்வொரு கடவிலும் மூன்று கேள்வி கேட்டோம். தலையில் சுமையோடு ஒரு பெண் இதில் போக முடியுமா? இருசக்கர வண்டி போகுமா? எந்த மாதம் வரை இது இருக்கும்?

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஒரே சாலைப் பின்னலை இரண்டு பிரதியாக வைத்துக்கொண்டேன். ஒன்று கோடைக்கு, ஒன்று ஐப்பசிக்குப் பிறகு. ஐப்பசிப் பிரதியில் மரப் பாலங்களையும் பால்வண்டி அண்ணன் விரல் வைத்த சாலைகளையும் வெட்டிவிட்டேன். கோடையில் ஒன்றாக இருந்த பகுதி ஐப்பசியில் ஏழெட்டுத் தீவாகப் பிரிந்தது. அக்கரையில் ஏன் ஒருவர்கூட வரவில்லை என்பது அந்தப் படத்தில் பளிச்சென்று தெரிந்தது.

பாலங்களையும் கரைப் பாதைகளையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினோம். அது எல்லோருக்கும் பயன்படும். வீடுகள் பற்றிய எங்கள் குறிப்புகள் எதையும் ஏற்றவில்லை. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதைப் பொது வரைபடத்தில் போட எங்களுக்கு உரிமை கிடையாது. அந்தக் கோப்பு ஒரே கணினியில்தான் இருக்கிறது.

இடம் தேர்ந்தது

காலியாக இருக்கும், கேட்டால் கிடைக்கக்கூடிய 19 அறைகளைப் பட்டியலிட்டோம். பழைய கிடங்கு, மகளிர் குழுக் கட்டடம், சமுதாயக் கூடத்தின் பக்க அறை, ஒரு பழைய வீட்டில் நெல் சேமிக்கும் பத்தாய அறை என்று பலவகை. இதில் எந்த மூன்றைத் தேர்ந்தால் நடக்கும் தூரத்துக்குள் அதிக வீடுகள் வரும் என்பது கணக்கு. சர்ச், ரெவெல் என்ற இரண்டு பேர் 1974-ல் இதை ஒழுங்காக வரையறுத்தார்கள். தீயணைப்பு நிலையம், ஆம்புலன்ஸ் நிறுத்துமிடம் பார்க்க இன்றும் அந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். பெரிய நகரத்துக்கு அதற்கென்று தனி மென்பொருள் வேண்டும். எங்களுக்கு 19-ல் 3 என்றால் மொத்தம் 969 சேர்க்கைதான். பைத்தான் நிரல்மொழியில் சில வரி எழுதி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன், சில நொடியில் முடிந்தது. நடக்கும் தூரம் ஒன்றரை கிலோமீட்டர் என்று வைத்தேன். 10 கிலோ பையோடு சேற்றில் திரும்ப வேண்டும், அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

கணக்கு முதலாவதாகக் காட்டியது அக்கரையில் ஒரு ஊரின் நடுத்தெருவில் இருந்த பத்தாய அறை. தடித்த தேக்குப் பலகை, உயர்ந்த திண்ணை, எலி நுழையாது, தரை சாலையைவிட மூன்றடி மேலே. வீட்டுக்காரர் மனமுவந்து தருவதாகச் சொன்னார். எனக்கு அதைவிட நல்ல அறை கிடைக்காது என்று தோன்றியது. காலனித் தெருவில் போய்ச் சொன்னோம். யாரும் மறுத்துப் பேசவில்லை. 'பார்க்கலாம்' என்றார்கள். கிளம்பும்போது ஒரு அம்மா மட்டும் பின்னாலேயே வந்து, "அந்தத் தெருவுல போயி கையேந்திக்கிட்டு வரிசையில நிக்கச் சொல்றீங்களா தம்பி?" என்று கேட்டார்.

நாங்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கீழ்வெண்மணி எங்களுக்குத் தூரம் இல்லை. 1968 டிசம்பர் 25-ல் அங்கே எரிந்த 44 உயிரும் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் போனவை. இதெல்லாம் தெரிந்திருந்தும், வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு எல்லாக் கூரையும் ஒரே மாதிரிப் புள்ளியாகவே தெரிந்தன. ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு 300 மீட்டர் என்று மென்பொருள் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அந்த அறையை விட்டுவிட்டோம். காலனித் தெருவின் முனையில், வாய்க்கால் கரையை ஒட்டி மகளிர் குழுவின் ஓரறைக் கட்டடம் இருக்கிறது. கணக்கில் கொஞ்சம் பின்தங்கியது, தரை தாழ்வு. டியூப் பிடித்துப் பார்த்ததில் சாலை மட்டத்துக்கும் கீழே அரை அடி. உள்ளே இரண்டரை அடிக்கு மண் நிரப்பி, செங்கல் பரப்பிப் பூசினோம். அதன் மேல் மரச்சட்டம் போட்டு, சுவரில் படாமல் மூட்டை அடுக்குவதாக ஏற்பாடு. அறைச் சாவி அந்தக் குழுவின் தலைவியிடம். நடுத்தெருவிலிருந்து வேண்டியவர்கள் அங்கே வருவார்களா என்று கேட்டார்கள். வருகிறார்கள், அந்தி சாய்ந்தபிறகு.

இரண்டாவது இடம் கைகாட்டி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கின் முன்னறை. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால் பஸ் ஓடும் சாலையில் மட்டும் ஒன்றரை கிலோமீட்டர் என்ற எல்லையைத் தளர்த்தினேன். அப்படிச் செய்ததும் பட்டியலில் எங்கோ கிடந்த இந்த அறை மேலே வந்தது. அந்த பஸ் கார்த்திகை மழையிலும் ஓடும் தடம்தானா என்று நடத்துநரிடம் விசாரித்துக்கொண்டோம்.

எந்த மாதம் திறப்பது

மூன்றாவது இடத்தைத் தேடும்போது வேறொன்று கிடைத்தது. இந்த முழு வேலையிலும் செயற்கைக்கோள் எனக்குக் கொடுத்த பெரிய உதவி அதுதான்.

நடவு நட்ட வயலை ரேடார் தொடர்ந்து பார்த்தால், சேற்றுழவின்போதும் நடவின்போதும் கறுத்து, பயிர் எழும்ப எழும்ப வெளுத்துக்கொண்டு வரும். அந்தக் கறுப்பு விழும் நாள்தான் நடவு நாள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் டெல்டாவின் நெல் பரப்பைக் கணக்கிடவும் ரேடார் படங்களைப் பயன்படுத்துகிறது. நான் எங்கள் கட்டத்துக்கு மூன்று வருடப் படங்களை வரிசைப்படுத்தினேன். தலைஞாயிறுப் பக்கம் நிறைய வயல்களில் அந்தக் கறுப்பு விழவே இல்லை. ஆவணியில் வெறும் மண், மழை வந்ததும் பச்சை.

அது நேரடி விதைப்பு. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர வாரக்கணக்காகும், சில வருடம் வராமலே போகும். அதனால் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். விவசாயிக்கு அது புத்திசாலித்தனமான வழி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடவு இல்லை என்றால் நடவுக் கூலி இல்லை. நாற்றுப் பறிக்கவும் நடவும் போகும் பெண்களுக்குப் புரட்டாசியில் கைக்கு வரும் பணம்தான் ஐப்பசி, கார்த்திகையைத் தாண்ட வைக்கும். களை எடுக்கக் கொஞ்ச நாள் கூப்பிடுவார்கள். அறுப்புக்கு இயந்திரம் வந்துவிடும். சம்பா 150 நாள் வயலில் நிற்கும், தை வரை வீட்டுக்கு வருமானம் கிடையாது.

கறுப்பு விழாத வயல்களைச் சுற்றி இருந்த குடியிருப்புகளுக்கு நேரில் போய்க் கேட்டோம். கடைக்காரரிடம் எந்த மாதம் பாக்கி ஏறும் என்று கேட்டால் போதும். நடவு நடக்கும் ஊர்களில் கார்த்திகைப் பாதியில் ஏறுகிறது. நேரடி விதைப்பு ஊர்களில் புரட்டாசி முடிவதற்குள்ளேயே ஏறிவிடுகிறது. நாங்கள் அதுவரை எல்லா இடத்துக்கும் தீபாவளிக்குப் பிறகு பையைக் கூட்டுவோம். அங்கே ஒரு மாதம் தாமதமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்தக் குடியிருப்புகள் கரையோரம் நீளமாகச் சிதறிக் கிடந்தன. 969-ல் எந்தச் சேர்க்கையும் அவற்றில் பாதியைக்கூட எட்டவில்லை. அதனால் மூன்றாவது இடத்துக்கு அறை பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு குட்டியானை வண்டி பேசினோம். புரட்டாசி இரண்டாம் வாரத்திலிருந்து தை பிறக்கும்வரை, புதன்கிழமைதோறும், கரைச் சாலையில் நாலு இடத்தில் நிற்கும். நாலும் ஐப்பசிப் பிரதியில் வெட்டுப்படாத சாலையில் இருக்கின்றன. வண்டி ஓட்ட பால்வண்டி அண்ணனே சம்மதித்திருக்கிறார்.

இப்போது ஆவணி. இரண்டு அறையிலும் மூட்டை இறங்கிவிட்டது, வண்டுக்கு நொச்சி இலை போட்டாயிற்று. புதுத் தண்ணீர் ஆற்றில் ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கடவுகளை மறுபடி சரிபார்க்கக் கரையோடு நடந்தோம். பங்குனியில் இருந்த இரண்டு மூங்கில் பாலம் இப்போது இல்லை. முள்ளியாற்றில் அந்த அக்கா வீட்டுக்கு நேரே புதிதாக இரண்டு தென்னை மரம் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அக்கா அக்கரையிலிருந்து கையசைத்து, "தாங்கும் தம்பி, வாங்க" என்றார். கடந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். கைப்பேசியில் அந்தப் புள்ளியைக் குறித்து, 'சுமையோடு நடக்கலாம், வண்டி போகாது, ஐப்பசி முதல் வாரம் வரை' என்று எழுதினேன்.